நடுவில் உள்ள மூன்று எழுத்து

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். எங்கள் மெய்ப்புத் திருத்தும் அக்கா போன் செய்தார். "தம்பி, ஃபைல் திறக்குது, திருத்தவும் முடியுது. சேவ் பண்ணினா மட்டும் அனுமதி இல்லைன்னு வருது. வெள்ளிக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சு."

சர்வருக்குள் போய் யாருக்கு என்ன அனுமதி என்று காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையை அந்த ஃபைலுக்குக் கொடுத்துப் பார்த்தேன். அக்காவின் கணக்குப் பெயர் இருந்தது. பக்கத்திலேயே படிக்கவும் எழுதவும் அனுமதி என்று தெளிவாக எழுதியிருந்தது. "உங்களுக்கு அனுமதி இருக்கே அக்கா, ஒரு தடவை வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்து பாருங்க" என்றேன். வந்தார், அதே பிழைதான். அப்புறம் ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கில், இருந்துகொண்டே அதே ஃபைலைத் தொட்டுப் பார்த்தேன், எழுத முடிந்தது. ஆக சர்வரில் பிரச்சினை இல்லை, அவர் கணினியில்தான் ஏதோ என்று ஒரு மணி நேரம் தப்பான இடத்தில் தேடினேன். அந்த ஒரு மணி நேரம் அவரும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். லினக்ஸில் ஃபைல் அனுமதிகளைச் சொல்லும் ஏசிஎல் பற்றி இந்தப் பதிவை எழுத அதுதான் காரணம். இதே குழப்பத்தில் இன்னொருவர் மாட்டினால் அரை மணி நேரமாவது மிச்சமாகட்டும்.

எங்கள் வேலை இதுதான்: பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்வோம், எழுத்துணரி மென்பொருளில் போடுவோம், அதிலிருந்து வரும் உரையை இரண்டு பேர் வரிவரியாகத் திருத்துவார்கள். டெபியன் லினக்ஸ் சர்வர், ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் வட்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு ஃபோல்டர். ஸ்கேன் இயந்திரம் 'ஸ்கேன்' என்ற கணக்கில் எழுதும், ஆகவே எல்லா ஃபைலுக்கும் உரிமையாளர் அந்தக் கணக்குதான். 'ஸ்கேன்' என்ற பெயரிலேயே ஒரு குழுவும் உண்டு. பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, கோணலாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற தற்காலிக ஆட்கள் அதில் இருக்கிறார்கள். அவர்கள் படித்தால் போதும், எழுதக் கூடாது. திருத்துகிற இருவருக்கு எழுதவும் வேண்டும். இணையத்தில் பக்கங்களைக் காட்டுகிற சேவைக்கு ஒரு தனிக் கணக்கு, அதற்குப் படிக்க மட்டும். மற்றவர்களுக்கு எதுவும் கிடையாது.

1970-களிலிருந்து யூனிக்ஸில் இருக்கிற ஒன்பது எழுத்து முறைக்குள் இதைச் சொல்ல முடியாது. உரிமையாளருக்கு மூன்று, குழுவுக்கு மூன்று, மற்றவர்க்கு மூன்று. அந்த மூன்றும் படிக்க, எழுத, இயக்க. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி, ஒவ்வொரு மூன்றையும் ஒரே எண்ணாகவும் சொல்வார்கள்; 660 என்பது அப்படி மூன்று எண். ஒரு ஃபைலுக்கு ஒரே ஒரு குழுதான். எழுதுகிறவர்கள் ஒரு வகை, படிக்க மட்டும் உள்ளவர்கள் இன்னொரு வகை, இதில் சேராத மற்ற கணக்குகள் மூன்றாவது வகை என்று பிரிந்தவுடன் இடம் போதவில்லை. அதனால்தான் ஏசிஎல், அதாவது அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல். செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் ஆள் பெயரில் ஒரு வரி, தேவைப்பட்டால் குழுப் பெயரில் இன்னொரு வரி என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். வழியைக் காட்டியதும் அக்காதான். பதினொரு மணிக்குத் திரும்ப அழைத்து, "இன்னைக்குக் காலைல புதுசா வந்த புத்தகத்துல எல்லாம் சரியா சேவ் ஆகுது தம்பி, பழசுலதான் ஆகலை" என்றார். அவர் கணினியில் கோளாறு என்றால் புதிது பழையது என்ற வித்தியாசம் வந்திருக்காது. மறுபடியும் பழைய ஃபைலுக்கு கெட்எஃப்ஏசிஎல் போட்டு, இந்த முறை வரியின் கடைசி வரைக்கும் படித்தேன். அக்காவின் வரியில் அனுமதி இருந்தது. ஆனால் அதே வரியின் வலது ஓரத்தில், '#' குறிக்குப் பிறகு, 'எஃபெக்டிவ்' என்று தொடங்கி, உண்மையில் செல்லுபடியாவது படிக்க மட்டும் என்று போட்டிருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே மாஸ்க் என்று ஒரு வரி. அதில் எழுதுவதற்கான எழுத்து இல்லை.

இப்போது அந்த ஒன்பது எழுத்தைக் காட்டும் எல்எஸ் மைனஸ் எல் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். 660 என்று இருக்க வேண்டிய ஃபைல்கள் எல்லாம் 755 ஆகியிருந்தன. ஏசிஎல் இருக்கிறது என்று சொல்லும் கடைசி + குறி மட்டும் அப்படியே இருந்தது.

நடந்தது என்னவென்றால், சனிக்கிழமை அந்த இணையக் காட்சி மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவ ஒருவர் வந்திருந்தார். நிறுவும் குறிப்பில் தரவு ஃபோல்டருக்கும் அதற்குள் உள்ள எல்லாவற்றுக்கும் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் மைனஸ் ஆர் 755 கட்டளையைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, கொடுத்திருக்கிறார். அந்த வேலைக்காக அவருக்கு சூடோ, அதாவது ரூட்டாகக் கட்டளை இடும் உரிமை, கொடுத்ததும் நான்தான். அவர் பார்வையில் எல்லாம் சரியாக இருந்தது, ஏனென்றால் அவர் மென்பொருளுக்குப் படிக்க மட்டும்தான் வேண்டும். படித்தது. கிளம்பிவிட்டார்.

755 என்றால் நடுவில் 5, அதாவது படிக்க, இயக்க. குழுவுக்குப் படிக்க இயக்க கொடுத்திருக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஏசிஎல் உள்ள ஃபைலில் அந்த நடு மூன்று எழுத்து குழுவுடையது இல்லை. மாஸ்க்குடையது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

ஏசிஎல்லில் பெயர் போட்டு ஒரு வரி சேர்த்தவுடன் மாஸ்க் என்று ஒரு வரி கட்டாயம் உருவாகிறது. அது யாருக்கும் அனுமதி தருவதில்லை, அதிகபட்ச எல்லையை மட்டும் சொல்கிறது. ஆள் பெயரில் உள்ள வரிகள், குழுப் பெயரில் உள்ள வரிகள், ஃபைலின் சொந்தக் குழுவுக்கான வரி, இவை எல்லாமே மாஸ்க்கைத் தாண்டிப் போக முடியாது. உரிமையாளரும், மற்றவர் என்ற கடைசி வரியும் மட்டும் மாஸ்க்குக்கு வெளியே. எல்எஸ் நடு மூன்று எழுத்தில் காட்டுவது இந்த மாஸ்க்கைத்தான். சிஎச்மோட் நடு எண்ணில் மாற்றுவதும் இதைத்தான். சொந்தக் குழுவின் உண்மையான அனுமதி உள்ளே தனி வரியாக இருக்கிறது. சிஎச்மோட் அதைத் தொடவே தொடாது.

எனக்கு இது வீட்டு மின்சாரம் மாதிரி மனதில் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் சுவிட்ச் போட்டபடியே இருக்கும், யாரோ வாசலில் மெயினை இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அறைக்குள் நின்று சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புரியாது. நான் காலையில் செய்தது அதுதான். அக்காவின் வரியைப் பார்த்தேன், மெயினைப் பார்க்கவில்லை.

காலையில் எழுதிப் பார்த்த சோதனை ஏன் ஏமாற்றியது என்பதும் இதே விஷயம்தான். ரூட்டுக்கு இந்தச் சோதனைகள் பொருந்தாது. உரிமையாளர் கணக்கில் போய்ப் பார்த்திருந்தாலும் எழுத முடிந்திருக்கும், அதற்கும் மாஸ்க் கிடையாது. யாருக்குப் பிரச்சினையோ அவருடைய கணக்காகவே சூடோ மைனஸ் யூ போட்டுத்தான் சோதிக்க வேண்டும். இப்போதெல்லாம் நான் முதலில் செய்வதே அதுதான்.

புதிய புத்தகத்தில் மட்டும் ஏன் சேவ் ஆனது? ஃபோல்டர்களுக்கு இரண்டு ஏசிஎல் இருக்கலாம். ஒன்று அந்த ஃபோல்டருக்கே உரியது. இன்னொன்று டிஃபால்ட் ஏசிஎல், அதற்குள் புதிதாக உருவாகும் ஃபைல்களுக்கும் ஃபோல்டர்களுக்கும் கொடுக்கப்படும் அச்சு. சிஎச்மோட் முதலாவதை மட்டும்தான் மாற்றும். திங்கள் காலை ஸ்கேன் கணக்கு புதிய ஃபோல்டரை உருவாக்கியபோது பழைய அச்சிலிருந்து முழு அனுமதியோடு பிறந்தது. அதனால்தான் அக்காவுக்கு அங்கே ஒரு தடையும் இல்லை.

சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. ஃபைண்ட் கட்டளையால் ஃபோல்டர்களைத் தனியாகப் பிரித்து 770, ஃபைல்களைத் தனியாகப் பிரித்து 660. நடு எண் 7, 6 என்று வந்ததும் மாஸ்க் மேலே ஏறியது, அக்காவின் வரி அப்படியே உயிர் பெற்றது. ஒரு வரியைக்கூட நான் திரும்ப எழுதவில்லை. 660 போட்டதால் தற்காலிக ஆட்களின் குழுவுக்கு எழுதும் உரிமை கிடைத்துவிட்டதா என்று பார்த்தேன். இல்லை, அவர்கள் வரி படிக்க மட்டும் என்றே இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 755-இன் கடைசி 5, சனி மாலையிலிருந்து திங்கள் மதியம் வரை, அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கத் திறந்து விட்டிருந்தது. அக்காவுக்கு சேவ் ஆகாமல் போனதால்தான் அதுவே தெரிய வந்தது.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்ற கேள்வி எனக்கு அன்றைக்கு முழுவதும் இருந்தது. குழுவின் இடத்தில் வேறு ஒன்றைக் காட்டுவது முதல் பார்வையில் பொய் மாதிரிதான் தெரிகிறது. யோசித்துப் பார்த்தபோது, இதைவிட நேர்மையான வழி இல்லை என்றே தோன்றியது. ஏசிஎல் என்பதையே அறியாத பழைய நிரல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு ஃபைலுக்கு 600 போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எண்ணம், உரிமையாளரைத் தவிர யாருக்கும் வேண்டாம் என்பது. நடு எண் வெறும் குழுவை மட்டும் குறித்தால், பெயர் போட்ட வரிகள் எல்லாம் திறந்தே கிடக்கும், அந்த நிரலுக்கோ மூடிவிட்டோம் என்ற நம்பிக்கை. அதற்குப் பதில் சிஎச்மோட் போட்டவுடன் ஏசிஎல்லையே அழித்துவிடலாம் என்றால், பார்த்துப் பார்த்து எழுதிய வரிகள் எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். மாஸ்க் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 600 போட்டால் உண்மையிலேயே எல்லோருக்கும் மூடும், வரிகள் அழியாது, திரும்ப 660 போட்டால் பழைய நிலை வரும். எல்எஸ்ஸில் நடுவில் காண்பதைவிட அதிகமாகப் பெயர் போட்ட எவருக்கும் கிடைக்காது என்ற உறுதியும் இருக்கிறது.

வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலின் சாவியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். உங்கள் தனிச் சாவி ஃபைல் 600-இல் இருக்கிறது. பேக்கப் எடுக்கும் கணக்கு மட்டும் படிக்கட்டும் என்று ஒரு வரி சேர்க்கிறீர்கள். உடனே மாஸ்க் உருவாகி, ஃபைல் வெளியே 640 என்று தெரியும். எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொட மறுத்து, அனுமதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது என்று எச்சரிக்கும். எஸ்எஸ்எச்சுக்கு ஏசிஎல் பற்றி எதுவும் தெரியாது, பழைய ஒன்பது எழுத்தைத்தான் பார்க்கிறது. ஆனாலும் உரிமையாளரைத் தவிர வேறு யாரோ படிக்க முடியும் என்ற உண்மை அதற்குத் தெரிந்துவிட்டது. மாஸ்க் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

இந்த விதிகள், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குத் தரம் வகுக்கும் போசிக்ஸ் குழுவின் 1003.1இ என்ற வரைவில் எழுதப்பட்டவை. 1997-ல் வந்த 17-வது வரைவோடு அந்தப் பணி நின்றுவிட்டது, தரமாக வெளிவரவே இல்லை. ஆனால் வரைவு நன்றாக இருந்ததால் பல இயங்குதளங்கள் அதையே பின்பற்றின. லினக்ஸில் இதைப் பெருமளவு எழுதியவர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்பாகர். 2002-ல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.5 வரிசையில் சேர்ந்து, 2003 டிசம்பரில் வந்த 2.6 வழியாக எல்லோருக்கும் கிடைத்தது. தரம் ஆகாத ஒரு வரைவின் மேல்தான் இத்தனை அலுவலகங்களின் ஃபோல்டர்கள் நிற்கின்றன.

சோதிக்கும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும், எங்கள் இரண்டாவது மெய்ப்புத் திருத்துநர் விஷயத்தில் அது தேவைப்பட்டது. கர்னல் முதலில் உரிமையாளரா என்று பார்க்கும். இல்லையென்றால் ஆள் பெயரில் வரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதோடு முடிந்தது, குழுக்களைப் பார்க்காது. பெயர் வரி கிடைக்காதபோதுதான் குழு வரிகள், அதிலும் எதுவும் பொருந்தாதபோதுதான் மற்றவர். ஆகவே ஒருவருக்குக் குழு வழியாக எழுத அனுமதி இருந்தாலும், அவர் பெயரில் படிக்க மட்டும் என்று ஒரு வரி போட்டால் அவரால் எழுத முடியாது. குழு வரிகளைக் கூட்டியும் பார்ப்பதில்லை. ஒரு குழு படிக்கத் தருகிறது, இன்னொரு குழு எழுதத் தருகிறது, நீங்கள் இரண்டிலும் இருக்கிறீர்கள் என்றால், படிக்கவும் எழுதவும் சேர்த்து ஒரே நேரத்தில் திறக்க முடியாது. இரண்டையும் தருகிற ஒற்றை வரி ஒன்று வேண்டும். எங்கள் இரண்டாவது ஆள் இப்படித்தான் இரண்டு குழுக்களுக்கு நடுவில் மாட்டியிருந்தார். அவர் பெயரில் நேரடியாக ஒரு வரி போட்டதும் தீர்ந்தது.

மூன்று வாரம் கழித்து இதே மாஸ்க் வேறு வழியில் வந்தது. எழுத்துணரி முடித்து வைக்கும் உரை ஃபைல்களை அக்காவால் திறக்கவே முடியவில்லை. யாரும் சிஎச்மோட் போடவில்லை. அந்த நிரல் முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றி வைக்கும். தற்காலிக ஃபைலை 600 அனுமதியோடு உருவாக்கும், பாதுகாப்புக்காகப் பல நிரல்கள் அப்படித்தான் செய்கின்றன. புதிய ஃபைல்களின் அனுமதியை வழக்கமாகக் குறைக்கும் யூமாஸ்க் என்ற அமைப்பு (இது வேறு, ஏசிஎல்லின் மாஸ்க் இல்லை) டிஃபால்ட் ஏசிஎல் இருக்கிற ஃபோல்டரில் கணக்கில் வராது. ஆனால் நிரல் கேட்கிற அனுமதி கணக்கில் வரும். அச்சில் உள்ளதும் நிரல் கேட்டதும் இரண்டிலும் பொதுவாக இருப்பது மட்டும் மிஞ்சும். 600-இன் நடு எண் பூஜ்யம், ஆக மாஸ்க்கும் பூஜ்யம். எல்லா வரிகளும் வந்து சேர்ந்திருந்தன, ஒன்றுக்கும் பலன் இல்லை. பெயர் மாற்றினாலும் ஏசிஎல் கூடவே போகும், ஆகவே கடைசிவரை பூஜ்யம்தான். அந்த ஸ்கிரிப்டின் கடைசியில் சிஎச்மோட் 660 என்று ஒரு வரி சேர்த்தேன். சாதாரணமாக 666 கேட்டு உருவாக்கும் நிரல்களுக்கு இந்தத் தொல்லை வராது.

மேலே சொன்னவை எல்லாம் அனுமதி குறைந்து போன கதைகள். குறைந்தால் யாராவது போன் செய்வார்கள். என்னை உண்மையில் பயமுறுத்தியது அனுமதி கூடிப்போன கதை, அதற்கு யாரும் போன் செய்யமாட்டார்கள்.

பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துப் பார்க்கும் ஒத்திகை ஒன்று வைத்தேன். பேக்கப்பை ஒரே கோப்பாகக் கட்டி வைக்கும் டார் நிரலின் கோப்பை ஒரு காலி வட்டில் விரித்தேன். ஃபைல்கள் 660 என்றே இருந்தன, பார்வைக்கு எல்லாம் சரி. + குறி மட்டும் இல்லை. டார் கட்டும்போது ஏசிஎல்லுக்கான தேர்வைக் கொடுக்கத் தவறியிருந்தேன், அதனால் ஒன்பது எழுத்து மட்டும்தான் உள்ளே போயிருந்தது. இப்போது யோசியுங்கள். மூல ஃபைலில் நடுவில் இருந்த 6 மாஸ்க். குழுவின் உண்மையான அனுமதி 4 தான். ஏசிஎல் இல்லாத வட்டில் அதே 6 வந்து இறங்கும்போது அது மாஸ்க் இல்லை, அங்கே நடு எண் என்றால் குழு. தற்காலிக ஆட்கள் எல்லோருக்கும் எழுதும் உரிமை கிடைத்துவிட்டது. உண்மையிலேயே வட்டு கெட்டு மீட்டிருந்தால், அக்காவுக்கு அனுமதி இல்லை என்பதை மட்டும் கவனித்துச் சரிசெய்திருப்பேன். குழுவுக்கு எழுத முடியும் என்பது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

டாரில் கட்டும்போதும் விரிக்கும்போதும் இரண்டு முறையும் அந்தத் தேர்வு வேண்டும். ஃபைல்களை நகலெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்கில் மைனஸ் ஏ போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன ஏ ஏசிஎல்லை எடுக்காது, பெரிய ஏ தனியாக வேண்டும். நகல் எடுக்கும் சிபி கட்டளையும் வெறுமனே எடுத்தால் ஏசிஎல்லை விட்டுவிடும், மைனஸ் பி வேண்டும். இதற்கெல்லாம் மேலே, இரவு பேக்கப்புக்கு முன் கெட்எஃப்ஏசிஎல் மைனஸ் ஆர் கொடுத்து எல்லா வரிகளையும் ஒரு உரை ஃபைலில் எழுதி வைக்கிறேன். செட்எஃப்ஏசிஎல்லின் ரீஸ்டோர் தேர்வு அந்த உரையைப் படித்து அப்படியே திரும்பப் போட்டுவிடும். சனிக்கிழமை நடந்தது மறுபடி நடந்தாலும், முந்தைய இரவின் நிலை கையில் இருக்கும். அந்த உரை ஃபைல் சில மெகாபைட்தான், அதில் கிடைக்கும் நிம்மதிக்கு அது ஒன்றுமே இல்லை.

செட்எஃப்ஏசிஎல்லிலும் ஒரு பழக்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். மாஸ்க்கை நீங்களே குறிப்பிடாமல் ஒரு வரியை மாற்றினால், அது மாஸ்க்கைத் தானாகவே திரும்பக் கணக்கிட்டு, எல்லா வரிகளுக்கும் இடம் தரும்படி உயர்த்திவிடும். யாரோ வேண்டுமென்றே 600 போட்டு மூடி வைத்த ஃபைலில், சம்பந்தமில்லாத ஒருவருக்கு ஒரு வரி சேர்க்கப் போய், மூடியிருந்த எல்லாமே திறந்துகொள்ளும். அது வேண்டாமென்றால் மைனஸ் என் தேர்வு இருக்கிறது. முழு மரத்துக்கும் ஒரே கட்டளையில் போடும்போது இயக்கும் அனுமதிக்குச் சின்ன எக்ஸ் போடாமல் பெரிய எக்ஸ் போடுங்கள். ஃபோல்டர்களுக்கும் ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ள ஃபைல்களுக்கும் மட்டும் அது விழும். இல்லையென்றால் ஸ்கேன் படங்கள் எல்லாம் இயக்கக்கூடிய ஃபைல்களாகிவிடும்.

அடுத்த மாதம் இந்தச் சேமிப்பு முழுவதையும் இசட்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைக்கு மாற்றுகிறோம். லினக்ஸில் அங்கே ஏசிஎல் இயல்பாக இயங்காது, ஏசிஎல் டைப் என்ற பண்பை போசிக்ஸ் என்று மாற்றி வைத்தபிறகுதான் செட்எஃப்ஏசிஎல் வேலை செய்யும். புது வட்டில் முதலில் ஒரே ஒரு புத்தகத்தை இறக்கி, + குறி வந்திருக்கிறதா என்று நான் பார்த்தபிறகு, அக்கா அவர் கணக்கிலிருந்து ஒரு பக்கத்தைத் திருத்தி சேவ் செய்வார். தற்காலிக ஆட்களில் ஒருவர் அதே பக்கத்தைத் திருத்த முயல்வார், அவருக்கு முடியக் கூடாது. இரண்டு பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.